இரண்டு தாளும் ஒரு தாழ்ப்பாளும்

1

இந்தக் கதை திருட்டுக் கதை. மருத்துவமனையில் என் முறைக்காகக் காத்திருந்தபோது, பக்கத்திலிருந்த வயதான தம்பதிக்கு ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். நோயாளிக்கு ஒன்று, பார்த்துக்கொள்பவருக்கு ஒன்று. இரண்டிலும் ஒரே கேள்விகள்தான். 'தானாகக் குளிக்கிறாரா?' நோயாளியான மனைவி 'ஆம்' என்று குறித்தார். கணவர் 'உதவி தேவை' என்று குறித்தார். எட்டிப் பார்த்தது என் தப்புதான். மற்றதெல்லாம் கற்பனை.

2

கணவரைத் தச்சராக்கினேன். (முதலில் வங்கி ஊழியராக்கிப் பார்த்தேன். கதை முழுக்கச் சும்மாவே நின்றார்.) மனைவிக்குப் பக்கவாதம் வந்த வாரமே குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். எட்டு மாதமாக அவள்* குளிக்கும்போது கதவு ஒருக்களித்தே இருக்கிறது. வெளியே ஸ்டூல் போட்டு அவர் உட்கார்ந்திருக்கிறார்.

அன்பே உருவான அந்த மனிதர்...

இல்லை, இந்த வாக்கியம் வேண்டாம்.

* அவருக்கு அவள் 'அவள்'தான். கதை அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டதால் எனக்கும் அப்படியே வருகிறது.

3

வீடு திரும்பியதும் பேச்சு வந்தது.

"உதவின்னு எதுக்குங்க போட்டீங்க? நானேதானே குளிக்கிறேன்."

"சோப்பு விழுந்தா எடுத்துத் தர்றது யாரு?"

"கெடந்துட்டுப் போகுது. கீழ விழுந்த சோப்பு எங்க ஓடிடப் போகுது? தாழ்ப்பாள மாட்டுங்க."

"நீ விழுந்தா?"

"கூப்பிடுறேன். வாய்க்கா வாதம் வந்துச்சு?"

அவருக்குப் பயம் அவள் விழுவது மட்டுமல்ல. (இதை அவர் ஒப்புக்கொள்ள மாட்டார், எழுதுகிறவன் என்ற உரிமையில் போட்டுக்கொடுக்கிறேன்.) பட்டறையை மூடியபின் அவரைத் தேடி யாரும் வருவதில்லை. அவள் ஒருத்திதான் 'ஏங்க' என்று கூப்பிடுகிறாள். அதுவும் நின்றுபோனால் காலையில் எதற்கு எழுந்திருப்பது? எழுதும்போது எனக்கே பாவமாக இருந்தது.

ஆனாலும் மாட்டினார். நாலு திருகாணி, ஐந்து நிமிட வேலை. அரைமணி நேரம் இழுத்தடித்தார்.

4

அவள் உள்ளே போய்த் தாழிட்டாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

அவள் விழுந்துவிட்டதாக ஒரு முடிவு எழுதினேன். அது கணவரின் தாளைப் பார்த்து எழுதியது, கிழித்துவிட்டேன். தலையைத் துவட்டிக்கொண்டு சிரித்தபடி வருவதாக இன்னொன்று. அது மனைவியின் தாளிலிருந்து அடித்த காப்பி.

இப்போது அவர் கையைத் தூக்கியபடி கதவின் முன் நிற்கிறார். தட்டினால் அவருக்கு நிம்மதி கிடைக்கலாம். ஆனால் தன்னை அவர் நம்பவில்லை என்பது அவளுக்கும் தெரிந்துவிடும். தட்டாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. உங்களிடமே விடுகிறேன். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள், அவருக்குக் கை வலிக்கிறது.