2050 ஒட்டிய சுவர்

1
இந்தக் கதை ஒரு சோத்துப் பார்சலில் தொடங்கியது. ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் 'எதிர்காலத்தைச் சிந்திப்போம்' என்று ஒரு பட்டறை. பார்சலுக்காகத்தான் போனேன்.

முதல் வரியை இப்படி எழுதினேன்: "மூடுபனி மலைகளைத் தழுவிய அந்தக் காலையில்..." வெட்டிவிட்டேன். மூடுபனியைத் தழுவவிடுகிறவர்கள் யாரும் லயத்து வரிசை வீட்டில் குடியிருப்பதில்லை.

2
கொழும்பிலிருந்து வந்த பயிற்சியாளர் பிரதாப், எதிர்காலம் மூன்று வகை என்றார்: நடக்கக்கூடியது, நடக்க வாய்ப்புள்ளது, நாம் விரும்புவது. மூன்றுக்கும் மூன்று நிற ஒட்டுத்தாள். (நான்காவதாக வாக்குறுதி என்று ஒன்று எங்களிடம் உண்டு. அதன் நிறம் தேர்தலுக்குத் தேர்தல் மாறும்.)

கொழுந்தெடுக்கிற சண்முகவடிவு, முழுப் பேர்* போடுவார்கள் என்பதால் வந்திருந்தாள்.

"அக்கா, 2050ல உங்க வீடு எப்படி இருக்கும்? கண்ண மூடி யோசிங்க."

"வர்ற வெள்ளிக்கெழம இருக்குமான்னு மொதல்ல சொல்லுங்க தம்பி. செவுரு வெடிச்சிருக்கு."

"அது இன்னைக்குப் பிரச்சினக்கா. நாம பெருசா யோசிப்போம்."

"வெடிப்பும் பெருசாத்தான் யோசிக்குது."

மண்டபமே சிரித்தது. பிரதாப்பும் சிரித்து, அதை மஞ்சள் தாளில் எழுதிக்கொண்டார். அவள் ஒரு தாளில் தனி வீடு வரைந்தாள். "வீட்டுல ஒட்டிவச்சு தெனமும் பாருங்க, நடக்கும்" என்றார்.

* ஒரு நாளுக்கான முழுச் சம்பளம். யோசித்ததற்கு எங்கள் ஆட்கள் கூலி வாங்கிய ஒரே நாள்.

3
ஒட்டினாள். கோதுமைமாப் பசை காய்ச்சி, சரியாக வெடிப்பின் குறுக்கே.

"என்னா புள்ள, மறைக்கிறியா?" என்றான் புருஷன் செல்லசாமி.

"மறைக்கல. தாள் கிழிஞ்சா செவுரு நகருதுன்னு அர்த்தம். கிழிஞ்சா கெளம்பிருவோம்."

"எங்க? போன தடவ மண்சரிவுன்னு பள்ளிக்கூடத்துல மூணு மாசம் கெடந்தோம். திரும்ப இங்கதானே கொண்டாந்து விட்டானுக. மழ நின்னா சரியாயிரும்."

செல்லசாமியின் முறைக்கு நம்பிக்கை என்று பெயர். பிரதாப்பின் முறைக்கும் அதே பெயர்தான். இரண்டிலும் ஒரு வசதி: வெடிப்பைப் பார்க்க வேண்டியதில்லை.

4
முடிவு அ: தாள் கிழியவில்லை. புது வீட்டுச் சாவியோடு சண்முகவடிவு சிரிக்கிறாள். [பிரதாப்பின் அறிக்கைக்கு அனுப்பலாம்.]

முடிவு ஆ: கிழிந்தது. அவர்கள் கிளம்பவில்லை. மண் இறங்கி [போதும். இதைப் பத்திரிகைக்காரர்களே எழுதுவார்கள். அன்றைக்கு மட்டும்தான் தோட்டத்தின் பெயர் அவர்களுக்கு ஞாபகம் வரும்.]

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். வியாழன் காலை, மழை. படத்தில் அவள் கதவு வரைந்த இடத்தில் நகத்தளவு கிழிசல்.

"ஏங்க, எந்திரிங்க. கிழிஞ்சிருச்சு."

"நகத்தளவுதானே. இன்னைக்கு ஒருநா பாப்போம்."

"செவுரு நாளைக்குன்னு சொல்லுச்சா உங்ககிட்ட?"

அடையாள அட்டைகளைப் பையில் போட்டாள். அவன் முனகிக்கொண்டே சட்டையைத் தேடினான்.

அடுத்த வரி எனக்கு வரவில்லை. நீங்கள் எழுதுங்கள். பள்ளிக்கூடம் என்று எழுதாதீர்கள், அதை எழுதிப் பார்த்தாயிற்று. 2050 என்றும் வேண்டாம். முகவரி வேண்டும்.

சண்முகவடிவு படியிறங்கி நேராகப் போன இடம்