ஜன்னலோரக் குட்டையன்

நூல் அறுந்தது. டெய்லர் மிதியிலிருந்து காலை எடுத்தார். தையல் மெஷினின் சத்தம் அடங்கியதும், அடுக்களையிலிருந்து மனைவியின் குரல் தனியாகக் கேட்டது.

"நீ ஒருத்தன்தான்டா நான் சொல்றத கடைசி வரைக்கும் கேக்குற. குட்டையா இருந்தா என்ன, குணம் தங்கம்."

டெய்லர் கத்தரிக்கோலும் கையுமாக ஓடினார். அடுக்களையில் அவள் மட்டும்தான் இருந்தாள். ஜன்னல் திறந்திருந்தது.

"யாரு கூட பேசிட்டிருந்த?"

"பேச யாரு இருக்கா? சுவத்து கூடத்தான்," என்றாள், கழுவுகிற பாத்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அதற்குப் பிறகு அவருக்கு வேலை ஓடவில்லை. தெருவில் உள்ள ஆண்பிள்ளைகளை மனதுக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்தார். பால்காரர் பனைமரம். தபால்காரர் ஒட்டடைக்குச்சி. குட்டை என்றால் எதிர்வீட்டு வாத்தியார் ஒருவர்தான். அவர் நீளம் குறைக்கக் கொடுத்த பேன்ட் மேஜைமேல் கிடந்தது. டெய்லர் பல்லைக் கடித்துக்கொண்டு அதைக் கணுக்காலுக்கு மேலே வெட்டித் தள்ளினார். மனசு கொஞ்சம் ஆறியது.

முழுக்க ஆறவில்லை. மெஷினைச் சட்சட்டென்று நிறுத்தி ஒட்டுக்கேட்டார். நிறுத்திய கணமே பேச்சும் நின்றது. மெஷின் ஓடுகிறவரை மனுஷன் எழுந்து வரமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அப்படியென்றால் மெஷினும் ஓட வேண்டும், அவரும் எழுந்து போக வேண்டும்.

மறுநாள் அவள் தம்பி வந்தான். பஸ் கண்டக்டர். டெய்லர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து ஸ்டூலில் உட்கார வைத்தார்.

"மாப்ளே, கொஞ்ச நேரம் இத மிதி."

"எனக்குத் தைக்கத் தெரியாதே மாமா."

"தைக்க வேணாம். வாயத் திறக்காம மிதிச்சா போதும்."

"பஸ்ல நாள் பூரா நிக்கிற காலுக்கு இங்கயும் டூட்டியா?" என்று முனகிக்கொண்டே அவன் மிதித்தான்.

டெய்லர் பூனை போல நடந்து அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றார்.

"முட்டி வலிக்குதுன்னேன். 'ம்'னாரு. மருந்து தீந்துபோச்சுன்னேன். அதுக்கும் 'ம்'. அக்கா வந்து அவ கூடவே இருந்துடச் சொல்றா. போயிடலாம்னுதான் இருக்கேன். உன்ன விட்டுட்டுப் போறதுதான்டா மனசு கேக்கல."

டெய்லர் எட்டிப் பார்த்தார். வாத்தியார் இல்லை. ஜன்னல் கட்டையில், சட்டைப் பட்டன் அளவுகூட இல்லாத ஒரு சிலந்தி. வலை பின்னாமல் ஈயின்மேல் பாய்ந்து பிடிக்குமே, அந்த ஜாதி. அவள் இடதுபக்கம் நகர்ந்தால் அதுவும் இடதுபக்கம் முகத்தைத் திருப்பியது. வலதுபக்கம் நகர்ந்தால் வலதுபக்கம்.

நியாயமாக அவருக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்ததோ முன்னைவிடப் பெரிய எரிச்சல். வாத்தியார் என்றால் சட்டையைப் பிடித்து நாலு வார்த்தை கேட்கலாம். சட்டையே போடாதவனை என்ன செய்வது? அவளுக்கு விட்டுப் போக மனசில்லாதது இந்தப் பயலைத்தானா? அதை அடிக்கக் கொடியில் தொங்கிய துண்டை உருவினார். கொடி கட்டிய ஆணி கிறீச்சிட்டது.

"துணியே இல்லாம மெஷின் ஓடுது," என்றாள் அவள், திரும்பாமலே. "மிதிக்கிறது என் தம்பி. கதவுக்குப் பின்னால நிக்கிறவரு துண்டக் கீழ போட்டுட்டு வெளிய வரலாம்."

டெய்லர் அசடு வழிய வந்தார். "எப்படித் தெரிஞ்சுது?"

"காலர் தச்சா ஒரு சத்தம், பாக்கெட் தச்சா ஒரு சத்தம். உங்களுக்குக் கோவம்னா மிதி முரட்டுத்தனமா விழும். நான் உங்களக் கேட்டுட்டேதான் இருக்கேன். நீங்கதான்..."

"அதுக்குன்னு ஒரு பூச்சிகிட்டயா?"

"அது திரும்பிப் பாக்குதுல்ல."

டெய்லர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "டேய்," என்றார் சிலந்தியைப் பார்த்து. அது அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவர் விறுவிறுவென்று முன்னறைக்குப் போனார். "எந்திரி மாப்ளே. ஒரு பக்கம் பிடி." தெருவைப் பார்த்துக் கிடந்த மெஷினை இருவருமாக அடுக்களையைப் பார்க்கத் திருப்பிப் போட்டார்கள்.

"வெளிச்சம் முதுகுப்பக்கம் போயிடுமே மாமா. தையல் கோணிக்கும்."

"கோணட்டும்." ஸ்டூலில் உட்கார்ந்தார். மிதியில் காலை வைக்கவில்லை. "இப்ப சொல்லு. முட்டி எந்தப் பக்கம் வலிக்குது? அக்கா வீட்டுக்கு எதுக்குப் போகணும்?"

அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, "பாத்தியாடா, யாரு கேக்குறாருன்னு," என்றாள்.

"அவன்கிட்ட இல்ல," என்றார் டெய்லர். "என்கிட்ட சொல்லு."