வாயில் வராத ஜெபம்

அந்த பிசியோதெரபி அறையில் யார் வந்து படுத்தாலும், சிகிச்சை தொடங்குமுன் அவள் கண்ணை மூடி நாலு வரி ஜெபம் சொல்வாள். இடுப்புப் பிடிப்புக்காரருக்கும் அதுதான், முழங்கால் அறுவை செய்துகொண்ட அம்மாளுக்கும் அதுதான். கடைசி வரி முடியும்போது வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி முடித்திருப்பாள். வாய் அதன்பாட்டுக்கு, கை அதன்பாட்டுக்கு.

சபையில் எந்தக் குழுவென்றாலும் அவள் இருப்பாள். பாடகர் குழுவில் முதல் வரிசை. புதன்கிழமை உபவாச ஜெபத்துக்குச் சாவி அவளிடம்தான். வீட்டில் சாயங்கால ஜெபம் ஒருநாள் பிசகாது. எலெக்ட்ரீஷியனான கணவர், "உன் ஜெபத்தைப் பார்த்து கடிகாரத்துக்கு நேரம் வைக்கலாம்" என்பார். அதைக் கேலி என்று அவள் எடுத்துக்கொண்டதே இல்லை.

தம்பி செத்தபோதும் அந்த ஒழுங்கு குலையவில்லை. கல்யாணம்கூட ஆகாதவன். மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனவன் மேல் லாரி ஏறிவிட்டது. அடக்க ஆராதனைக்கான பாட்டுகளை அவளே தேர்ந்தெடுத்தாள், அவளே முன்நின்று பாடினாள். "என்ன விசுவாசம் பாருங்க" என்று சபையில் பேசிக்கொண்டார்கள். வழக்கு நடந்த காலத்தில் நீதிமன்றத்தின் பின்வரிசையில் உட்கார்ந்து, லாரி டிரைவரின் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். இடது காதுக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் ஒரு மச்சம். மோட்டார் சைக்கிள்தான் குறுக்கே வந்தது என்று அவர் சொன்னார். பார்த்தவர் யாருமில்லை. விடுதலை ஆனார்.

அதெல்லாம் நடந்து சில வருஷம் ஆனபிறகு, ஒருநாள் காலை தோள் இறுகிப்போன ஒருவர் வந்தார். கீழே விழுந்து அடிபட்ட கையைப் பயத்தில் அசைக்காமலே வைத்திருந்தாராம். இப்போது சட்டை மாட்டக்கூட வரவில்லை. சட்டையைக் கழற்றுவதற்காக அவர் திரும்பினார். அந்த மச்சம்.

அவருக்கு அவளைத் தெரியவில்லை. நீதிமன்றத்தில் அவர் ஒருதடவைகூடப் பின்னால் திரும்பியதில்லையே.

அவள் வழக்கம்போல் கண்ணை மூடினாள். முதல் வரி வந்தது. இரண்டாவது வரி, "இவருக்குச் சுகம் கொடும்" என்பது. அது வரவில்லை. கண்ணைத் திறந்தாள்.

"என்னம்மா, ஆரம்பிக்கலாமா?" என்றார் டிரைவர்.

"படுங்க" என்றாள்.

கையைத் தூக்கிப் பின்னால் சாய்த்தாள். எந்த இடத்தில் நிறுத்தவேண்டும் என்று அவள் கைக்குத் தெரியும். நிறுத்தவில்லை. அவர் "அம்மா!" என்று அலறினார். வலித்தால்தான் விடும் என்று எல்லாரிடமும் சொல்லும் வார்த்தையை அவரிடமும் சொன்னாள். சொல்லும்போதே அது பொய் என்று தெரிந்தது.

அன்று சாயங்காலம் கணவரும் அவளும் ஜெபத்துக்கு உட்கார்ந்தார்கள். எல்லாரும் மனப்பாடமாகச் சொல்லும் ஜெபத்தில், பிறரை மன்னிப்பது பற்றிய இடம் வந்ததும் அவள் வாயை மூடிக்கொண்டாள். கணவர் மட்டும் தனியாக இரண்டு வார்த்தை போய், திகைத்து நிறுத்தினார்.

"என்ன ஆச்சு, தூக்கமா?"

"இல்ல. நீங்க சொல்லி முடிச்சிடுங்க."

மறுநாள் காலை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, யாரும் கேட்காமலே அவள் வாயிலிருந்து அது வந்தது. "அந்த ஆளோட கை சரியாகவே வேண்டாம். அப்படியே கட்டையாப் போகட்டும். எனக்கு அதுதான் வேணும், ஆண்டவரே."

குழாயை மூடிவிட்டு அப்படியே நின்றாள். இத்தனை வருஷத்தில் மனசில் இருப்பதை அவரிடம் சொன்னது இதுதான் முதல்தடவை என்று பட்டது. அப்படியானால் அந்த நாலு வரிகளை யாரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்? யாரோ காதுகொடுத்துக் கேட்டுவிட்டது போலிருந்தது. அதில் ஆறுதல் ஒன்றும் இல்லை.

அடுத்தமுறை டிரைவர் வந்தபோது தான் யார் என்று சொல்லிவிட்டாள். அவர் ஒற்றைக் கையால் சட்டையை மாட்டி, பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியேறினார். பிறகு வரவேயில்லை.

முதலில் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் தோள் அவளுக்குப் பழக்கப்பட்ட விஷயம். பாதியில் விட்டால் மறுபடி இறுகும். அப்புறம் லாரி ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாது, தலை சீவவும் ஆள் வேண்டும். அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. பஸ்ஸில் போகும்போதும் துணி மடிக்கும்போதும் ஆண்டவரோடு சண்டைதான். "வேற யாரையாவது அனுப்புங்க. ஊர்ல நான் ஒருத்திதானா பிசியோ?" என்பாள். "நான் போகமாட்டேன். சொல்லிட்டேன்" என்பாள். முன்பு ஜெபத்துக்கென்று ஒரு நேரம் இருந்தது. இப்போது இந்தத் தர்க்கம் விடிந்ததிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவின் சீருடைப் புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பியவள், சபைக்கு முந்தைய நிறுத்தத்திலேயே இறங்கி வேறு பஸ் ஏறினாள். கிளினிக்கில் அவர் கொடுத்திருந்த முகவரி ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்த சின்ன வீடு. டிரைவரின் மனைவி கதவைத் திறந்தாள்.

"பிசியோ. கைக்குப் பயிற்சி கொடுக்க வந்திருக்கேன்."

"வாங்கக்கா. இவர் எங்கயும் வரமாட்டேன்னு உட்கார்ந்திருக்காரு. சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது."

மனைவிக்கு விஷயம் தெரியாது என்று புரிந்தது. டிரைவர் அவளைப் பார்த்ததும் எழுந்தார். மனைவியைக் கடைக்கு அனுப்பினார். மனைவி போனதும், வந்தவள் பாயில் தலையணையை வைத்து அவரைப் படுக்கச் சொன்னாள். அவர் படுத்தார். இந்தமுறை எங்கே நிறுத்தவேண்டுமோ அங்கே நிறுத்தினாள். கைபேசி அடித்தது; பாடகர் குழுத் தலைவி. "எங்க இருக்கீங்க? ஆராதனை ஆரம்பிக்கப் போகுது."

"ஒரு வேலையா வந்திருக்கேன். நீங்க பாடுங்க."

கையை மறுபடி தூக்கினாள். டிரைவர் கூரையைப் பார்த்தபடி சொன்னார்: "கோர்ட்ல சொன்னது பொய்ம்மா. உங்க தம்பி குறுக்க வரல. நான் தூங்கிட்டேன்."

அவருடைய மணிக்கட்டு அவள் கைக்குள் இருந்தது. ஒரு திருப்பு திருப்பினால் போதும். அவள் அந்தக் கையை மெதுவாகத் தலையணைமேல் வைத்தாள். எழுந்து பின்கட்டுக் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினாள். கழுவக் கழுவ அழுகை வந்தது, முடியும்வரை கழுவினாள். "என்னால முடியல. நீங்கதான் செய்யணும்" என்று மட்டும் சொன்னாள். யாரிடம் சொல்கிறோம் என்பதில் அப்போது அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். "இன்னும் கொஞ்சம் இருக்கு. மூச்சை விடுங்க" என்றாள்.

கிளம்பும்போது, சுவரில் விரல்களை ஏணி ஏறுவதுபோல் ஏற்றிப் பழகச் சொன்னாள். "இப்ப என்கிட்ட சொன்னதை எங்க சொல்லணுமோ அங்க போய்ச் சொல்லுங்க. அது உங்க பாடு. செவ்வாய்க்கிழமை வர்றேன்" என்றாள்.

கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

"கொன்னவன் வீட்டுக்குப் போய் கையைப் பிடிச்சு விட்டுட்டு வந்திருக்க! அவன் வாயாலயே சொல்லியிருக்கான். வக்கீலைப் பாக்கலாம்."

"பாருங்க. நான் தடுக்கல. ஆனா செவ்வாய்க்கிழமை நான் போவேன்."

"அப்ப மன்னிச்சிட்டியா?"

"தெரியலங்க. அங்க இருக்கும்போது மன்னிச்ச மாதிரி இருந்தது. பஸ்ல வரும்போது போயிடுச்சு. நாளைக்கு மறுபடியும் கேட்டு வாங்கணும்."

முடிந்துபோன வழக்கு என்று வக்கீல் உதட்டைப் பிதுக்கினார். அத்தோடு அது நின்றது. டிரைவரும் காவல் நிலையத்துக்குப் போகவில்லை. மனைவியிடம் மட்டும் சொன்னார். அவள் சில நாள் அவரோடு பேசாமலிருந்தாள். அவருடைய கை முக்கால்வாசி வந்தது, அதற்குமேல் வரவில்லை. பாடகர் குழுவிலிருந்து இவள் விலகிக்கொண்டாள். சபைக்குப் போவதை நிறுத்தவில்லை. அவளுக்கு விசுவாசம் குறைந்துவிட்டது என்று சிலர் சொன்னார்கள். கிளினிக்கில் நோயாளியிடம் முதலில் என்ன வலி, எதனால் வந்தது என்று கேட்பாள். அதன்பிறகு சொல்லும் ஜெபம் சிலசமயம் ஒரே வார்த்தையாக இருந்தது, சிலசமயம் அதுவும் இல்லை.

ஒரு சாயங்காலம் டிரைவர் அவர்கள் வீட்டுக்கே வந்து, வாசலில் நின்றபடி கணவரிடமும் அதையே சொன்னார். தூங்கிட்டேன், பொய் சொன்னேன் என்றார். கணவர் உட்காரச் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டார். அவர் போனபிறகு ஜெபத்துக்கு உட்கார்ந்தார்கள்.

"அந்த ஆளுக்காகவும் ஜெபிக்கப் போறியா?" என்றார் கணவர்.

"ஆமாங்க."

"அப்ப அதுவரைக்கும் நான் வெளிய நிக்கிறேன்."

அவர் எழுந்து போனார். அவள் தடுக்கவில்லை.