மீன்வாடை நூல்

தரகன் கங்காதரனின் பெண்சாதி லோகாம்பாள் குப்பத்துப் பெண்களுக்குக் குடித்தனம் நடத்தச் சொல்லிக்கொடுக்க வந்த அன்று, காற்று கருவாடு காயும் பக்கமிருந்து அடித்தது. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே பேசினாள். அதனால் பாதி யாருக்கும் விளங்கவில்லை. விளங்கிய பாதியே இந்திராணிக்குப் போதுமாக இருந்தது.

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டை கட்டி, துணி ஏற்றிப்போகக் கப்பல் மேல் கப்பல் வந்துகொண்டிருந்த காலம் அது. நெசவாளிகளுக்கு நூல் போதவில்லை. கங்காதரன் ஊர் ஊராகப் பஞ்சைக் கொடுத்து, பெண்கள் வீட்டிலிருந்தபடியே நூற்றுத் தருவதை வாங்கிப்போவான். ஏரிக்கரைக் குப்பத்தில் இருபது வீட்டில் ராட்டை சுற்றியது. அதில் இந்திராணியின் நூல்தான் மெல்லிசு. ஆனால் குப்பத்து நூலில் மீன்வாடை அடிக்கிறது என்று கங்காதரனுக்கு ஒரு குறை. அதைத் தீர்க்கத்தான் பெண்சாதியை அனுப்பியிருந்தான்.

விடியுமுன்னே ஒரே சமையலாகச் சமைத்து அடுப்பை அணைத்துவிட வேண்டும் என்றாள் லோகாம்பாள். நூல் கொடுக்கும் நாள்வரை மீன், இறால், நண்டு எதுவும் வீட்டுக்குள் நுழையக் கூடாது. அதெல்லாம் உடம்புக்குச் சூடு, கை வேர்க்கும், இழை அறும். கீரையும் பயற்றங்கஞ்சியும் கொடுத்தால் பிள்ளைகள் கொழுகொழுவென்று இருப்பார்களாம். மனசு வைத்தால் வீட்டையும் வேலையையும் இரண்டு கண்ணாகப் பார்த்துக்கொள்ளலாமாம். இந்திராணி அவள் கையைப் பார்த்தாள். விரலில் காய்ப்பு இல்லை, நகத்தில் கரி இல்லை. அவள் வீட்டில் சமையலுக்கு மட்டும் இரண்டு ஆள் என்பது ஊருக்கே தெரியும்.

இந்திராணி ராட்டையை அடுப்புக்குப் பக்கத்திலேயே போட்டிருந்தாள். குழம்பு தளதளக்கும் சத்தம் மாறினால் கை நிற்கும். எழுந்து கிண்டிவிட்டு வந்து விட்ட இழையைப் பிடிப்பாள். மூன்று பிள்ளைகளுக்கும் கேழ்வரகுக் களி, முருங்கைக்கீரை, இறால் குழம்பு. புருஷன் பெரியசாமி விடிந்ததிலிருந்து இடுப்பளவு தண்ணீரில் நின்று, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவன். மத்தியானம் விரல் ஊறிச் சுருங்கி, உதடு நடுங்க வருவான். சூடாக ஏதாவது உள்ளே போனால்தான் அவனுக்குப் பேச்சே வரும். இதெல்லாம் அவளுக்கு யாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து சொல்லித் தந்ததில்லை.

பெரியசாமிக்கோ அந்த உபதேசம் பிடித்துப்போனது.

"அந்தம்மா நாயமாத்தான் சொல்லிக்கீது," என்றான். "நேரத்த நீ ஒழுங்கா வெச்சிக்கினா எல்லாம் ஆவும்."

சொல்லிவிட்டு, தின்ற சட்டியைப் போட்டது போட்டபடி எழுந்து போனான்.

சரி, இவனுக்கும் ஒரு முறை காட்டிவிடலாம் என்று இந்திராணி பத்து நாள் அடுப்பில் மீனே ஏற்றவில்லை. ஆறிப்போன கஞ்சியும் கீரையும்தான். சின்னவள் இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினாள். நான்காம் நாள் பெரியசாமிக்குத் தண்ணீரிலேயே கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கீரையில் உப்பு போதவில்லை, அதனால்தான் என்றான். எட்டாம் நாள், இடுப்பில் கட்டியிருந்த பறிக்கூடைக்குள் இறாலுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த மடவை மீனை எடுத்து நீட்டி, வீட்டுக்குப் பின்னால் தள்ளிப்போய்ச் சுட்டுத் தரச் சொன்னான். அவள் சிரிக்கக்கூட இல்லை. நீயே சுட்டுக்கொள் என்று விறகை எடுத்துப் போட்டாள். அவன் அதையும் கருக்கித் தின்றான்.

நூல் கொடுக்கும் நாள் வந்தது. கங்காதரன் அவள் நூல் சிட்டத்தை மூக்கருகே கொண்டுபோய் முகத்தைச் சுளித்தான். இன்னும் நாறுகிறது என்று சொல்லி, கொட்டையும் தூசியுமான மட்டப் பஞ்சை அவள் கூடையில் அள்ளிப் போட்டான். இவன் மோந்து பார்ப்பது நூலை அல்ல, ஊர்ப்பேரை என்று அவளுக்கு அப்போதுதான் பட்டது.

அனுப்பம்பட்டில் வசந்தா என்று அவளுக்கு ஒரு சிநேகிதி. நெல் விளைவிக்கிற குடும்பம், கவுச்சி படாத வீடு. அவளும் கங்காதரனுக்கே நூற்றாள். அவளுக்கு எப்போதும் நல்ல பஞ்சு, நல்ல பேச்சு. இந்திராணி உப்பைக் கொடுத்துக் கீரை வாங்கப் போனபோது விஷயத்தைச் சொன்னாள். வசந்தா கொஞ்சம் யோசித்து, தன் பஞ்சில் பாதியை எடுத்து அவளிடம் கொடுத்தாள். அடுத்த முறை இருவரும் நூலை மாற்றி எடுத்துப்போவது என்று முடிவானது. அடுத்த நூல் நாள்வரை இருந்த பதினைந்து நாளும் இந்திராணி தினமும் குழம்பு வைத்தாள்.

கங்காதரன் வீட்டு முற்றத்தில் லோகாம்பாளும் உட்கார்ந்திருந்தாள். குப்பத்துக்காரியின் கூடையிலிருந்து எடுத்த சிட்டத்தை அவன் எட்டப் பிடித்து, தலையைத் திருப்பிக்கொண்டான். வசந்தா நீட்டியதை வாங்கிப் பெண்சாதியிடம் கொடுத்தான். லோகாம்பாள் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, சுத்தமான வீட்டு நூல் என்றால் இதுதான் என்று அங்கிருந்த பெண்களுக்கெல்லாம் கேட்கச் சொன்னாள்.

"அது எங்க வூட்டு நூலும்மா," என்றாள் இந்திராணி. "எறா கொழம்பு கொதிக்க சொல்லோ நூத்தது. நாறுதுன்னு ஐயா தள்ளிவெச்சாரே, அதான் இவளுது."

லோகாம்பாள் உடனே கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். அதைப் பார்த்துத்தான் பெண்கள் சிரித்தார்கள். கங்காதரனுக்கு முகம் சிவந்தது. இரண்டு பேரும் கூடிக்கொண்டு ஏமாற்றுகிறீர்களா என்று கத்தி, இருவருக்கும் பஞ்சு இல்லை என்று விரட்டினான். வழியெல்லாம் வசந்தா சிரித்துக்கொண்டே வந்தாள்.

பெரியசாமி மூன்று நாள் புலம்பினான். பெரிய மனிதர்களைப் பகைத்துக்கொண்டாய் என்றான். பிறகு, தரகன் மூக்கு பழுது என்று தான் அப்போதே சொன்னதாகக் கரையில் சொல்லித் திரிந்தான். இந்திராணி சட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். அவனோடு வழக்காடும் நேரத்தில் ஒரு சட்டி கழுவிவிடலாம்.

மூன்றாம் வாரம் கங்காதரனே குப்பத்துக்கு வந்தான். அந்த மெல்லிசு நூல் இல்லாமல் தறி நிற்கிறது என்று நெசவாளி ஆதிநாராயணன் அவன் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டானாம். அதை அவன் இந்திராணியிடம் சொல்லவில்லை. அடுத்த வீட்டில் சொன்னது இவளுக்குக் கேட்டது. இவள் வாசலில் பஞ்சு மூட்டையை இறக்கினான். முதல் தரம். அவள் ஒரு பிடி எடுத்துப் பிரித்துப் பார்த்தாள்.

"இதுல பாதி அனுப்பம்பட்டு வசந்தாவுக்குப் போவணும்," என்றாள்.

அவன் தலையசைத்தான். உச்சிவெயில் நேரம். நண்டுக் குழம்பு கொதித்து, மிளகு வாசனை தெருவரைக்கும் போயிருந்தது. பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். பகையாளியே ஆனாலும் சாப்பாட்டு வேளையில் வாசலில் நிற்பவனை ஒரு வாய் தின்றுவிட்டுப் போகச் சொல்வது அந்தக் குப்பத்து வழக்கம். அவனும் அதை எதிர்பார்த்துச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். பெரியசாமி அவசரமாக எழுந்து, உள்ளே வாங்க என்று வாயெடுத்தான். இந்திராணி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் மறுபடி உட்கார்ந்துகொண்டான்.

"பஞ்ச எறக்கிட்டீங்க இல்ல," என்று சொல்லிவிட்டு, அவள் பிள்ளைகளுக்குப் பரிமாறத் தொடங்கினாள்.

கங்காதரன் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கழற்றிய செருப்பை மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு சுடுமணலில் நடந்தான்.