எனக்கு வெட்டிய குழி

என் குழியை என் கண்ணாலேயே பார்த்தவன் நான். ஆறடி நீளம், மார்பளவு ஆழம், ஓரமெல்லாம் சுவர் வைத்தது போல ஒரே சீர். வெட்டியவர் மொக்கையன் மாமா. அவர் வேலையில் குறை சொல்ல எந்தக் கொம்பனாலும் ஆகாது.

சக்குபள்ளத்து ஏலக்காட்டில் முப்பது வருடம் வடிகால் வெட்டியவர் அவர். கண் மங்கியதும் எஸ்டேட் துரை, பேரேட்டிலிருந்து பெயரை எடுத்துவிட்டார். அவர் மனைவி குருவம்மாள் அத்தை காய் பறிக்கப் போனதால்தான் கூலியாட்களின் லயத்தில் அறை தங்கியது. விடியற்காலையில் கொம்பு ஊதியதும் அத்தை கூடையை எடுப்பாள். மாமா வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவள் போவதைப் பார்ப்பார். சும்மா இருப்பதே சுகம் என்று சொன்னவன் நிச்சயமாக மண்வெட்டி பிடிக்காதவன்.

“பொண்டாட்டி ஒழைப்புல ஒக்காந்து திங்கிறான்னு ஒரு பய சொல்லட்டும் மாப்ள, அன்னிக்கே நாண்டுக்கிட்டுச் செத்துருவேன்” என்பார் என்னிடம்.

அந்த வருடம் மழை விட்டதும் காய்ச்சல் வந்தது. குழி வெட்டத் தெம்புள்ள ஆளில்லை. மாமா பரண்மேல் கிடந்த மண்வெட்டியையும் கடப்பாரையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஒரே மாதத்தில் பதினொரு குழி. கூலி என்று ஒரு சல்லி வாங்கவில்லை. கங்காணியே எழுந்து நின்று “வாங்க பெரியவரே” என்றார். லயமெங்கும் ஒப்பாரி கேட்ட அந்த மாதத்தில் தெளிந்திருந்த முகம் அவருடையது ஒன்றுதான்.

காய்ச்சல் தணிந்தது. மாமாவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. காலையில் வீடுவீடாகப் போய், “ஒடம்பு எப்படி இருக்குத்தா?” என்று கேட்பார். அக்கறையாகத்தான் கேட்டார். ஆனால் பெண்கள் கதவைச் சாத்தினார்கள். “எமனுக்கு முந்தி வந்து அளவெடுக்குறாரு” என்றாள் ராமுத்தாய்.

அப்போதுதான் நான் காய்ச்சலில் படுத்தேன். மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் ஏழாம் நாள் கையை விரித்துவிட்டார். மாமா அன்றைக்கே குழியைத் தொடங்கினார். ஓரடிக்குக் கீழே பாறை. மூன்று நாள் உடைத்தார். நாலாம் நாள் நான் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டேன்.

“பொழச்சிக்கிட்டயா மாப்ள? நல்லது” என்றார் மாமா. சந்தோஷப்பட்டார், பொய் சொல்ல மாட்டேன். கூடவே வேறொன்றும் அந்த முகத்தில் இருந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

வெட்டிய குழியை வெறுமையாக விடக் கூடாது. விட்டால் அது ஆள் கேட்கும். வாழைக்கட்டையைத் துணியில் சுற்றிப் பிணம் போலக் கிடத்தி, சேவல் அறுத்து, மண் தள்ளி மூட வேண்டும். அத்தை தன் பழைய சேலையில் கட்டையைச் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள்.

“பாறைய ஒடச்சு வெட்டிருக்கேன்டி. கெடக்கட்டும். யாருக்காச்சும் ஆகும்.”

“வாயக் கழுவுங்க மொதல்ல” என்று அத்தை கத்தினாள். அவர் அசையவில்லை. கட்டை குழி ஓரத்திலேயே கிடந்தது. நடக்கத் தெம்பு வந்து நான் போய்ப் பார்த்தபோதும் குழி வாயைத் திறந்துகொண்டுதான் இருந்தது.

கட்டை வந்த எட்டாம் நாள் அத்தை காட்டிலிருந்து காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே திரும்பினாள்.

மாமா மண்வெட்டியோடு ஓடினார். கட்டையைக் கிடத்தினார், சேவலை அறுத்தார், வெறிபிடித்தவர் போல மண்ணைத் தள்ளினார். இருட்டுவதற்குள் மேடு எழும்பியது. அத்தை அஞ்சு நாள் இருந்தாள்.

அவளுக்கு வேறு இடத்தில் வெட்டத்தான் மாமா போனார். ரெண்டு இடத்தில் கடப்பாரையைப் போட்டார். ரெண்டிலும் பாறை. கடப்பாரை கையிலிருந்து நழுவியது. அந்த மலையில் ஆள் கிடக்காமல் மண் இளகியிருந்த இடம் ஒன்றே ஒன்றுதான், என் குழி.

“மாப்ள, நீ வெட்டு” என்றார்.

வெட்டினேன். கட்டை இன்னும் பச்சையாகவே இருந்தது. அத்தையின் சேலையோடு அதைத் தூக்கி வெளியே போட்டேன்.

அத்தை குள்ளம். அவளைக் கிடத்தியதும் காலடியில் ஒரு முழம் மிச்சம் கிடந்தது. மாமா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகக் குழிக்குள் இறங்கி, மண்வெட்டியையும் கடப்பாரையையும் அவள் காலடியில் வைத்தார். கடப்பாரை நீளம், அவள் பக்கத்தில் சாய்த்து வைத்தார்.

“என்ன மாமா இது?”

“கெடக்கட்டும். எனக்கு வேலை முடிஞ்சிருச்சு.”

கையாலேயே மண்ணைத் தள்ளினோம்.

அதன்பிறகு அவர் யார் வீட்டு வாசலுக்கும் போகவில்லை. காலையில் கொம்பு ஊதும்போது வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். இருபது நாள்கூட ஆகவில்லை. அவருக்குக் குழி வெட்ட, பக்கத்து எஸ்டேட்டுக்குப் போய் மண்வெட்டி இரவல் வாங்கி வந்தேன்.