தண்ணீர் வந்த பக்கம்

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன மறு வருஷம் அது. கடலூர் முதுநகரில் ஐப்பசி பிறந்ததிலிருந்தே ஜனங்களுக்குக் கிழக்குப் பக்கம்தான் பார்வை. மழை நாலு தூறல் போட்டாலும் யாராவது ஒருவர் கடற்கரை வரைக்கும் போய் அலையைப் பார்த்துவிட்டு வந்துதான் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

சந்தியாகுவுக்கு இருபத்திரண்டு வயது. பகலில் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை வரவு செலவு எழுதும் வேலை. சாயங்காலம் டைப்ரைட்டிங் கிளாஸ். கிளாஸ் விட்டு வந்ததும் டைரி எழுதுவான். எழுதியதை மறுநாள் படித்துப் பார்த்துப் பாதியை அடிப்பான். தான் செய்கிற எதுவும் சரிதானா என்று அவனுக்குச் சந்தேகம். அதனாலேயே எதையும் வரிசை போட்டு, எண் கொடுத்துச் செய்வான்.

அந்த மாதம் டைரியில் ஒரு பக்கத்தை வீட்டுக்காக ஒதுக்கினான். தீப்பெட்டியை மெழுகு பூசிய டப்பாவில் வைப்பது, மண்ணெண்ணெய் ஒரு டின், அவல், வெல்லம், தாம்புக்கயிறு, ஞானஸ்நானச் சீட்டுகளை எண்ணெய்த்தாளில் சுற்றுவது. ஒவ்வொன்றாக முடித்துக் கோடு போட்டான். கடைசியில் ஒன்றுதான் மிச்சம் நின்றது: "அக்காவை எங்கே வைப்பது?"

அக்கா பாக்கியமேரிக்கு எட்டாம் மாசம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். அவள் புருஷன் அந்தமானில் மர டிப்போவில் வேலை. மாமியார் சிதம்பரத்தில் தனியாக இருந்தாள். முதுநகரில் இவர்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடல்.

துறைமுகத்தில் எட்டாம் நம்பர் புயல் கூண்டு ஏற்றியதைப் பார்த்த அன்று காலை, சந்தியாகு மண்டிக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பி வந்தான்.

"அக்காவ சிதம்பரத்துல வுட்டுட்டு வந்துர்றேம்மா. பன்னெண்டு மணி பாசெஞ்சர்ல."

அம்மா சவேரியம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். "ஏன்டா, புத்தி கித்தி கெட்டுப்போச்சா? புள்ளத்தாச்சிய கூட்டியாந்துட்டுப் பெக்கறதுக்கு முன்னால திருப்பி அனுப்புனா ஊரு என்னா பேசும்? வழியில வெள்ளாறு வேற இருக்கு. எட்டாம் மாசத்துல ஆறு தாண்டலாமா?"

"ரயில்ல தானம்மா தாண்டறோம்."

"ரயிலு ஆத்துக்கு மேல போவாம ஆகாசத்துலயா போவுது?"

"தனுஷ்கோடியில ரயிலோடயே போனாங்க, தெரியுமில்ல? இங்கயும் அப்படி ஆனா நாம ஓடிருவோம். அக்காவால ஓட முடியுமா?"

அம்மா மறுபடி முறத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். பாக்கியமேரி ஒன்றும் பேசவில்லை. இரண்டு புடவையை மடித்துப் பையில் வைத்தாள். அவள் பேசாததைச் சம்மதம் என்று சந்தியாகு எடுத்துக்கொண்டான்.

சிதம்பரத்தில் மாமியார் வீடு ஊருக்குத் தெற்கே, வாய்க்காலை ஒட்டிய தெருவில். மாமியார் மரியலூர்து மருமகளைப் பார்த்ததும் திகைத்துப் போனாள்.

"என்னா தம்பி, எதுனா மனஸ்தாபமா?"

"அதெல்லாம் இல்ல அத்தை. புயல் வருது. கடல் உள்ள வந்துட்டா என்ன பண்றது?"

"இங்கயும் ஒன்னும் மேடு இல்லியே தம்பி. ஐப்பசி மாசத்துல நம்ம வாய்க்கா..."

"கடல் இங்கேருந்து எவ்ளோ தூரம் அத்தை! நீங்க பயப்படாதீங்க. எனக்கு வண்டிக்கு நேரமாச்சு."

ஓட்டமாக ஓடி வண்டியைப் பிடித்தான்.

மறுநாள் சாயங்காலம் புயல் வந்தது. முதுநகரில் கொஞ்சம் ஓடு பறந்தது, இரண்டு தென்னை சாய்ந்தது, கடல் கரையோடு நின்றுவிட்டது. புயல் மேற்கே போய் மழையாகக் கொட்டுகிறது என்றார்கள். சந்தியாகு டைரியில், "அக்காவை அனுப்பியது சரி" என்று எழுதினான். ஓடு பறந்ததற்கெல்லாம் அவளை அனுப்பியிருக்க வேண்டுமா என்று தோன்றியது. அந்த வரியை அடித்தான்.

புயல் போன மூன்றாம் நாள் கிளாஸுக்குக் கோவிந்தசாமி தாமதமாக வந்தான். அவன் ஜங்ஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன்; கிளாஸில் பக்கத்து மிஷினில் டைப் அடிப்பவன்.

"சிதம்பரம் வண்டி கிள்ளை ஸ்டேஷனோட நிக்குது மச்சான். அந்தாண்ட தண்டவாளத்து மேல தண்ணி."

சந்தியாகுவின் விரல் நின்றது. "கடலா?"

"கடலு எங்கடா வந்துச்சு? வீராணம் ஏரி ரொம்பி வழியுது, கொள்ளிடத்துலயும் ஜாஸ்தியா வருது. எல்லாம் மேக்கேருந்து வர்ற தண்ணி. சிதம்பரத்துக்குத் தெக்கால தெருவெல்லாம் முழுவிப்போச்சாம்."

மிஷினில் மாட்டிய காகிதத்தை எடுக்காமலே சந்தியாகு எழுந்தான். வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது அவள் திட்டவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

விடிந்ததும் முதல் வண்டியில் கிள்ளை வரை போய், அங்கிருந்து தண்டவாளத்தோடு நடந்தான். இரண்டு பக்கமும் வயல் தெரியவில்லை, பழுப்புத் தண்ணீர்தான். சில இடத்தில் ஜல்லி அரித்துக்கொண்டு போய்க் கட்டைகள் அந்தரத்தில் தொங்கின. கட்டைக்குக் கட்டை கால் வைத்துத் தாண்டும்போதெல்லாம் ஒரே நினைப்பு: கடலைப் பார்த்த கண்ணால் ஒரு தடவை அந்த வாய்க்காலைப் பார்த்திருக்கக் கூடாதா? அத்தை சொல்ல வந்தாளே, காது கொடுத்தேனா?

தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். அத்தை வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே அடுப்படியில் ஒரு பானை மிதந்தது. ஆள் இல்லை. அக்காவின் ஒரு புடவை ஜன்னல் கம்பியில் சுற்றிக்கொண்டிருந்தது.

"அக்கா! அத்தை!"

எதிர் வீட்டுப் படியில் லோகநாயகி என்கிற அம்மாள் சொம்பால் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தாள். "யாருப்பா அது? மேரியோட தம்பியா? முந்தாநேத்தே நாலு பேரா கட்டிலோட தூக்கிட்டுப் போனாங்களே."

சந்தியாகு தெருவைக் கடந்து அந்தப் படிக்கு வந்தான். "கட்டிலோடயா? ஏன்?"

"வலி எடுத்துருச்சு, நடக்க முடியல. ரைஸ் மில்லு மாடிக்குக் கொண்டுபோனாங்க. அப்புறம் என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது சாமி."

தண்ணீரில் ஓட முடியாது. ஓடப் பார்த்து இரண்டு தடவை விழுந்தான்.

மில் மாடியில் இருபது குடும்பம் இருந்தது. மூலையில், நெல்மூட்டையில் சாய்ந்துகொண்டு பாக்கியமேரி கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். வயிறு இன்னும் பெரிதாகத்தான் இருந்தது. சந்தியாகு அந்த வயிற்றைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"வாடா," என்றாள் அவள். "டைரி எடுத்தாந்தியா? மண்ணெண்ணெய், தீப்பெட்டி, அவல், வெல்லம், அப்புறம் நானு. நீ இல்லாதப்ப எடுத்துப் படிச்சேன்."

மரியலூர்து அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "விடுடி, புள்ள சேறும் சகதியுமா வந்துருக்கான். சூட்டு வலிதான் தம்பி, பிரசவ வலி இல்ல, விடியறதுக்குள்ள நின்னுருச்சு. தண்ணி வாசப்படிக்கு வந்தப்பவே ஆளுங்கள கூப்ட்டுட்டேன். வருஷா வருஷம் இங்க வர்றதுதான். இந்த வருஷம் கொஞ்சம் ஜாஸ்தி. அன்னிக்கு அதத்தான் சொல்ல வந்தேன். நீ வண்டிக்கு ஓடிட்ட."

"தப்பு பண்ணிட்டேன்க்கா," என்றான் சந்தியாகு. "உனக்கு எதுனா ஆயிருந்தா..."

"தண்ணிக்கு நான் பயப்படலடா." பாக்கியமேரி கஞ்சியைக் கீழே வைத்தாள். இப்போது அவள் முகத்தில் கேலி இல்லை. "அத்தை பக்கத்துலதான் இருந்தாங்க. ஆனா வலி எடுத்தப்ப எனக்கு அம்மா வேணும்போல இருந்துச்சு. அம்மா ஆத்துக்கு அந்தப் பக்கம். அதுக்குத்தான் அழுதேன். கடல் வந்தா வரட்டும், அம்மாகிட்டயே இருக்கேன்னு அன்னிக்கு வாயத் தொறந்து சொல்லிருக்கணும். நீ கேக்கவும் இல்ல, நான் சொல்லவும் இல்ல."

சந்தியாகு சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கேட்டான். "இப்ப சொல்லுக்கா. எங்க இருக்கணும் உனக்கு? ஊர்லயா, இங்கயா?"

"இன்னொரு தடவ ஆறு தாண்ட என்னால ஆவாது. அம்மாவ இங்க கூட்டியா."

சந்தியாகு அத்தையைப் பார்த்தான். பேரப்பிள்ளை பிறக்கும் வரை சம்பந்தி வீட்டில் கை நனைப்பதில்லை என்பது அம்மாவின் வைராக்கியம். கல்யாணம் ஆன இந்த இரண்டு வருஷத்தில் அத்தை வீட்டில் ஒரு வாய் மோர்கூடக் குடித்ததில்லை.

"அம்மா வருவாங்க. ஆனா பட்டினியா கெடப்பாங்களே அத்தை."

"எதுக்குப் பட்டினி கெடக்கணும்?" மரியலூர்து கை விரித்து மாடி முழுவதையும் காட்டினாள். "இது யாரு வூடு? எம் வூடா? மில்லுக்காரர் வூடு. அவருக்கும் உங்கம்மாவுக்கும் என்னா சம்பந்தம்? வந்து நல்லா துன்னட்டும்னு சொல்லு."

பக்கத்திலிருந்த பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள். சந்தியாகு ஒரு லோட்டா கஞ்சியை நின்றபடியே குடித்துவிட்டுத் திரும்பக் கிள்ளைக்கு நடந்தான்.

மறுநாள் மத்தியானம் சவேரியம்மாள், புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, மகன் தோளைப் பிடித்தபடி மில் படி ஏறினாள். மகளின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். நெற்றியில் சிலுவை போட்டாள். பிறகுதான் மூச்சு விட்டாள்.

மரியலூர்து தட்டில் சோறு போட்டு, கருவாட்டுக் குழம்பை ஊற்றி அவள் முன்னால் வைத்தாள். சவேரியம்மாள் தட்டைப் பார்த்தாள், சம்பந்தியைப் பார்த்தாள்.

"மில்லுதான சம்பந்தி இது?"

"மில்லேதான்."

"அப்ப சரி," என்று பிசைந்து, முதல் கவளத்தை மகள் வாயில் வைத்துவிட்டு, அடுத்ததைத் தான் தின்றாள்.