கால்மணி தூரம்

தலைமாட்டில் அம்மா பாக்கியலக்ஷ்மி. காலடியில் மகள் ஜெயம். முற்றத்துப் பெஞ்சில் வாத்தியார், மடியில் தர்ப்பைக் கட்டோடு. நாணு சித்தப்பா மட்டும் உட்காரவில்லை. ஐஸ் பாளத்தைச் சுற்றி மரத்தூளை அணைத்துக்கொண்டிருந்தார். தோப்பும்படி மீன் கம்பெனி ஐஸ். மீன்வாடை அடித்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு மட்டாஞ்சேரித் தெருவைக் கடக்கும் அப்பா ராமபத்ரன், நேற்று மத்தியானம் கண்ணை மூடியதிலிருந்து அதன் மேல்தான் கிடந்தார்.

எல்லாம் வெங்கிட்டுவுக்காக. எமர்ஜென்சி முடிந்த வருஷம் கனடா போன மகன். அங்கே வடகோடியில், பனிக்கடலோரக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை. நேற்று கொடுத்த தந்திக்கு இப்போதுதான் பதில் வந்திருந்தது: 'ப்ளேனுக்குக் காத்திருக்கிறேன்.'

"பார்த்தேளா மன்னி, கிளம்பிட்டான்!" என்றார் நாணு. "அட்லஸ்ல நூல் பிடிச்சுப் பார்த்தேனாக்கும். பெரிய ப்ளேன் வர்ற அடுத்த ஊருக்கு, இங்கேர்ந்து திருச்சூர் தூரம். கால்மணி! ஒரு சாயா குடிக்கற நேரம்."

"நீர் சாயா குடிச்சிண்டிரும் ஓய், ஐஸ் உருகறது," என்றார் வாத்தியார். "மகன் இல்லாத பட்சத்துல, மாமி கையால ஒரு புல்லு தம்பிக்குக் குடுத்தாப் போறும். நீர் கொள்ளி வைக்கலாம்."

"அவன் வந்துண்டிருக்கச்சே நான் வாங்கமாட்டேன்."

அம்மா ஜெயத்தைப் பார்த்தாள். வெங்கிட்டுவின் கடிதங்களை அப்பாவுக்குப் படித்துக் காட்டியவள் அவள்தான்.

"நீ சொல்லு. கால்மணியா?"

"தூரம் அவ்வளவுதாம்மா. ஆனா ரோடு கிடையாது. ஆறு பேர் ஏறற குட்டி ப்ளேன். மூடுபனி விலகினாத்தான் இறங்கும். போன மார்கழியில பல்வலியோட ஒம்பது நாள் நின்னிருக்கான்."

"நேக்கு ஏன் சொல்லலை?"

"அப்பாதான் வேண்டாம்னார்."

உருகிய நீர் ஓடிவந்து அம்மாவின் தலைப்பை நனைத்தது.

"காத்தடிச்சா அக்கரை வைப்பினுக்கே போட் இல்லை," என்றாள். வாத்தியாரிடம் கையை நீட்டி ஒரு புல்லை வாங்கினாள். "நாணு, வாங்கிக்கோ. உன் அண்ணாவை மீன் ஐஸ்ல இன்னொரு ராத்திரி போடமாட்டேன்."

நாணு இரண்டு கையாலும் வாங்கினார்.

மறுநாள் எலும்பு பொறுக்கிச் சஞ்சயனம் முடிந்தபோது வெங்கிட்டுவின் இரண்டாவது தந்தி வந்தது: 'இன்னும் பனி.' தகனம் ஆயிற்று, கிளம்ப வேண்டாம் என்று பதில் தந்தி போயிற்று. விவரம் எழுத ஜெயம் உட்கார்ந்தாள்.

"மறுநாள் சாயங்காலம் வரைக்கும் உனக்காக வெச்சிண்டிருந்தோம்னு எழுதட்டுமா?"

"வேண்டாம். போன அன்னிக்கே ஆயிடுத்துன்னு எழுது. யாரும் காத்துண்டிருக்கலை."

"பொய்யாக்குமேம்மா."

"இருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடறானான்னு கேளு."

அப்படியே எழுதினாள். ஏர்மெயில் கடிதத்தின் ஓரத்தை ஒட்டி, விரலால் நீவிக் கொடுத்தாள். மழித்த தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நாணு தெருமுனைக்கு எடுத்துப்போனார். தபால்பெட்டிக்குள் நீட்டின கையை உடனே வெளியே எடுக்கவில்லை. பின்னால் கைவண்டிக்காரன் மணியடித்தான்.